மீன் மேலே வரும் நேரம்

அரபைமா மீனுக்குச் செவுள் மட்டும் போதாது. தென்னமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானா நாட்டில், ருப்புனுனி ஆற்றை ஒட்டிய ஏரிகளில் அது வாழ்கிறது. மூன்று மீட்டர் வரை வளரும். உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்களுள் ஒன்று. நம் குளத்து விராலைப் போல அதுவும் காற்றை விழுங்கும் மீன். ஐந்து நிமிடத்துக்கோ பதினைந்து நிமிடத்துக்கோ ஒருமுறை மேலே வந்து, ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். முதல்முறை கரையில் நிற்பவருக்கு எங்கோ ஒரு 'களக்' சத்தமும் விரிந்து மறையும் அலையும்தான் மிஞ்சும். அங்கேயே பிறந்து வளர்ந்த மீனவருக்கு அந்தச் சத்தமும் அலையும் போதும். மீன் எத்தனை நீளம், எந்தப் பக்கம் திரும்பியது, சற்றுமுன் வந்ததே மறுபடி வந்ததா, இல்லை வேறொன்றா என்பது வரை சொல்லிவிடுவார்.

இந்தத் திறமையைக் கணக்கெடுப்பாக மாற்றும் முறை பிரேசிலின் மாமிராவா வெள்ளக்காடுகளில் உருவானது. மீனவர் படகில் அசையாமல் உட்கார்ந்து, தனக்கென ஒதுக்கிய நீர்ப்பரப்பில் 20 நிமிடம் மட்டும் எண்ணுவார். ஒரு மீட்டருக்குக் குறைந்த குஞ்சுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்றரை மீட்டரைத் தாண்டியவை பெரியவை, இடைப்பட்டவை இளசு. ஏரி பெரிதென்றால் பலர் சேர்ந்து பகுதி பகுதியாக எண்ணுவார்கள். லியாந்த்ரோ காஸ்டெல்லோ என்ற ஆய்வாளர் இந்த எண்ணிக்கையை, மீனைப் பிடித்துக் குறியிட்டு விட்டு மறுபடி பிடித்துக் கணக்கிடும் முறையோடு ஒப்பிட்டு 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டும் நெருக்கமாக ஒத்துப்போயின. மீனவர் முறைக்குப் பிடித்த நேரமும் செலவும் மற்றதில் ஏறக்குறைய 200-இல் ஒரு பங்குதான். 2000-களின் தொடக்கத்தில் மாமிராவா மீனவர்களிடமிருந்து இந்த முறையை ருப்புனுனியின் மக்குஷி மக்கள் கற்றுக்கொண்டார்கள். போர்த்துக்கீசியம் பேசும் மீனவர் மக்குஷி மீனவருக்கு வாத்தியார் ஆனார். இருவருக்கும் நடுவில் ஆய்வாளர்கள் செய்தது பெரும்பாலும் பாலம் போடும் வேலை.

மழைக்காட்டைக் காக்கத் தன்னார்வலராகப் போக விரும்புகிற இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இந்த மீன் கதையைத்தான். காட்டுக்குள் போகும்போது நாம் அறிவைக் கொண்டுபோகிறோம், அங்கே இருப்பவர்களிடம் உழைப்பும் விருந்தோம்பலும் இருக்கின்றன என்ற நினைப்பு நமக்குள் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ருப்புனுனியில் நிலைமை நேர்மாறு. அறிவு ஊரில் இருக்கிறது. கையுதவியும் காசும் வெளியிலிருந்து வருகின்றன. இதை உணர்ந்து அமைத்த கள ஆய்வுப் பயணத்தால் காட்டுக்கும் ஊருக்கும் பயன் உண்டு. உணராத பயணம் எவ்வளவு நல்ல மனத்தோடு கிளம்பினாலும் சுற்றுலாவாகத்தான் முடிகிறது.

மக்குஷி ஊர்களை ஒட்டியிருக்கும் இவோக்ராமா காடு 3,71,000 ஹெக்டேர். கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். 1989-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் தலைவர்கள் மாநாட்டில் கயானா அதிபர் டெஸ்மண்ட் ஹோய்ட் இந்தக் காட்டை உலகத்தின் ஆய்வுக்காக ஒதுக்கித் தருவதாக அறிவித்தார். 1996-இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. காட்டில் ஏறத்தாழ ஒரு பாதி கைவைக்காமல் விடப்படுகிறது; மறுபாதியில் அளவறிந்து மரம் வெட்டவும் பயணிகளை அழைத்துப்போகவும் அனுமதி உண்டு. அறிவிப்பு வெளியானபோது அது ஆளில்லாக் காடு போலத்தான் உலகத்தின் காதில் விழுந்திருக்கும். ஆனால் எஸ்ஸெக்கிபோ ஆற்றில் குருப்புக்காரி துறையருகே நீர் வற்றும் காலத்தில் வெளிப்படும் பாறைகளில் பழங்கால மனிதர்கள் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. காட்டின் எல்லைக்குள்ளேயே ஃபேர்வியூ என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் மக்குஷி ஊர்கள். வட ருப்புனுனி ஊர்கள் 1996-இல் தங்களுக்கென ஒரு வளர்ச்சி வாரியத்தை அமைத்துக்கொண்டு, இவோக்ராமா நிர்வாகத்தோடு சமமாக உட்கார்ந்து பேசத் தொடங்கின. அந்த முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர் சுராமா ஊரைச் சேர்ந்த சிட்னி ஆலிகாக். பின்னாளில் அவர் நாட்டின் துணை அதிபர்களில் ஒருவராகவும் பழங்குடி மக்கள் நலத்துறை அமைச்சராகவும் ஆனார்.

சுராமா, காட்டின் தென்விளிம்பில் மலையடிவாரப் புல்வெளியில் அமைந்த சின்ன ஊர். 2011 முதல் ஆபரேஷன் வாலேசியா என்ற பிரித்தானிய நிறுவனம் பள்ளி, கல்லூரி மாணவர்களை இங்கே அழைத்துவந்தது. 1995-இல் இந்தோனேசியாவில் பணி தொடங்கிய நிறுவனம் அது. மாணவர்கள் தங்கள் செலவில் வந்தார்கள். அந்தப் பணத்தில்தான் ஆய்வு நடந்தது. சுராமாவில் பயிற்சி முடித்து இவோக்ராமாவுக்குள் முகாம் முகாமாக நகர்வார்கள். ஒவ்வோராண்டும் அதே இடங்களில் அதே முறையில் பறவை, வௌவால், தவளை, பாலூட்டி, சாணி வண்டு, மரம் ஆகியவற்றைக் கணக்கெடுப்பார்கள். இந்தக் காட்டில் வௌவால் மட்டுமே 80 வகைக்கு மேல் உண்டு. பறவைகள் சுமார் 500 வகை.

வேலை பெரும்பாலும் அலுப்பூட்டுவது. விடியுமுன் எழுந்து மெல்லிழை வலையை விரித்து, சிக்கிய பறவையை நோகாதபடி விடுவித்து, எடைபோட்டு, அளந்து, பறக்கவிட வேண்டும். மழை வந்தால் வலையைச் சுருட்ட வேண்டும். சாணி வண்டுக்குப் பொறி வைப்பது இன்னும் எளிது. ஒரு பிளாஸ்டிக் குவளையை விளிம்பு தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்து, சோப்பு கலந்த தண்ணீரை ஊற்றி, மேலே சிறு துணியில் சாணத்தை முடிந்து தொங்கவிடுவார்கள். மறுநாள் வந்து விழுந்த வண்டுகளை வகை பிரித்து எண்ணுவார்கள். காட்டில் பெரிய விலங்கு குறைந்தால் சாணம் குறையும். சாணம் குறைந்தால் வண்டு குறையும். பன்றியையும் தபீரையும் தேடி நாளெல்லாம் அலைவதைவிட அவை விட்டுச்சென்றதைத் தின்னும் வண்டை எண்ணுவது சில சமயம் தெளிவான பதிலைத் தந்துவிடும்.

மரம் அளப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி விட்டம் எடுப்பார்கள். பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எல்லா மரமும் கணக்கில் வரும். பலகை வேர் விரிந்த மரமானால் வேருக்கு மேலே ஏறி அளக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு மாணவர் அரைநாளில் கற்றுக்கொள்ளலாம். அளந்தது என்ன மரம் என்று எழுத வேண்டிய கட்டத்தில் நாடா பிடித்தவர் திரும்பிப் பக்கத்தில் நிற்கும் மக்குஷி வழிகாட்டியைப் பார்க்கிறார். இலையெல்லாம் முப்பது மீட்டருக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில். வழிகாட்டி வெட்டுக்கத்தியால் பட்டையில் ஒரு சீவல் சீவுவார். உள்பட்டையின் நிறம், கசியும் பாலோ பிசினோ, அதன் வாடை, கத்தி பட்டபோது எழுந்த ஓசை, இவற்றை வைத்துப் பெயரைச் சொல்வார். படிவத்தில் லத்தீன் பெயர் ஏறுகிறது. அந்தப் பெயரைத் தந்த மூக்கும் காதும் படிவத்தில் எங்கும் ஏறுவதில்லை.

அப்படிச் சீவினால் பால் வடிக்கும் மரங்களில் ஒன்று பலாட்டா. நம் வறண்ட காட்டுப் பாலை மரத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டும் மணில்காரா என்ற ஒரே பேரினம். வன்னியிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் பாலைப்பழம் தின்றவர்களுக்கு இந்த மரத்தைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பலாட்டாப் பாலை இறுக்கிச் செய்த பொருள் ஒரு காலத்தில் எந்திர வார்களுக்கும் கோல்ஃப் பந்துக்கும் போனது. மக்குஷி ஆண்கள் மாதக்கணக்கில் காட்டுக்குள் தங்கிப் பால் இறக்கினார்கள். 1970-களில் அந்த வணிகம் படுத்தது. அந்தத் தலைமுறையின் மர அறிவில் ஒரு பகுதி இப்படிக் கூலி வேலையில் வளர்ந்ததுதான். பழங்குடி அறிவு என்றதும் காலங்காலமாக மாறாமல் இருப்பதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அது நேற்றைய சந்தையிலும் கற்றுக்கொள்கிறது, பிரேசில் மீனவரிடமும் கற்றுக்கொள்கிறது.

தமிழருக்கும் கயானாவுக்கும் உறவு உண்டு. 1838 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து அங்கே போனவர்கள் 2,38,000 பேருக்கு மேல். அவர்களில் சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். 'மதராஸி' என்ற பெயரும் காளிமாய் வழிபாடும் அங்கே இன்றும் வாழ்கின்றன. ஆனால் அவர்கள் கரும்புக் கரையோரத்து மக்கள். உள்நாட்டுக் காடு அவர்களுக்கும் வெகுதூரம்தான்.

வெளியாள் மக்குஷி நாட்டுக்குப் போய்த் தெரிந்துகொண்டு திரும்புவது புதிதல்ல. 1812-இல் சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் மக்குஷிகள் அம்பு நுனியில் தடவும் நஞ்சைத் தேடிக் காட்டுக்குள் நடந்தார். குராரே என்று இன்று உலகம் சொல்லும் நஞ்சு அது. 1814-இல் லண்டனில் அந்த நஞ்சை ஒரு பெண்கழுதைக்குச் செலுத்தினார்கள். மூச்சு நின்றது. துருத்தியால் மணிக்கணக்கில் காற்றூதி அதை உயிரோடு வைத்திருந்தார்கள். நஞ்சின் வேகம் தணிந்ததும் கழுதை எழுந்து நின்றது. குராரே தசையைத்தான் முடக்குகிறது, மூச்சைத் தாங்கிப் பிடித்தால் ஆள் பிழைக்கும் என்பதற்கு அது கண்கூடான சான்று. அந்த நஞ்சு தரும் கொடியிலிருந்து பிரித்த டாக்ஸிஃபெரின் என்ற வேதிப்பொருளிலிருந்து 1960-களில் அல்குரோனியம் என்ற மருந்து வந்து அறுவைக்கூடங்களில் பயன்பட்டது. கழுதைக்கு 'வூரலியா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் நூல்களில் இருக்கிறது. நஞ்சைக் காய்ச்சிக் கொடுத்த மக்குஷி மனிதரின் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை.

வாட்டர்டன் கதையில் இன்னொரு பெயர் தப்பிப் பிழைத்தது. கயானாவின் மரத்தோட்டம் ஒன்றில் அடிமையாக இருந்த ஜான் எட்மன்ஸ்டன் அவரிடம் பறவைத் தோலைப் பாடம் செய்யக் கற்றார். பின்பு விடுதலை பெற்று எடின்பரோ போய், 1826-இல் அங்கே படித்துக்கொண்டிருந்த சார்லஸ் டார்வினுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். பீகிள் கப்பலில் டார்வின் சேர்த்த பறவைகளைக் கெடாமல் காத்தது கயானாவிலிருந்து வந்த அந்தக் கைப்பழக்கம். இப்படிப் பெயர் நின்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அறிவை எடுத்துக்கொண்டு தந்தவரை மறந்துவிடும் பழக்கம் காலனி ஆட்சி போன பிறகும் ஓயவில்லை. கிரீன்ஹார்ட் மரக் கொட்டையை மருந்தாகவும், குனானி என்ற செடியை மீனை மயக்கவும் பயன்படுத்தும் அறிவு ருப்புனுனிப் பழங்குடிகளுடையது. 1990-களில் இவற்றிலிருந்து பிரித்த வேதிப்பொருள்களுக்கு வெளிநாட்டில் காப்புரிமை எடுக்கப்பட்டது. மக்குஷிகளின் அண்டை இனமான வபிஷானா மக்கள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். 2006-இல் வந்த கயானாவின் அமெரிண்டியன் சட்டம் இந்தப் பின்னணியில் படிக்கப்பட வேண்டியது. பழங்குடி ஊரின் நிலத்தில் உயிரினங்கள் பற்றியோ அவற்றைப் பற்றிய அறிவு பற்றியோ ஆய்வு செய்ய வருபவர் முன்கூட்டியே ஊர்ச்சபையின் அனுமதி பெற வேண்டும். அமைச்சகத்தின் ஒப்புதல் தனி. ஆய்வின் அறிக்கை ஊர்ச்சபைக்கு வந்தாக வேண்டும். டோஷாவ் எனப்படும், தேர்தலில் வந்த ஊர்த்தலைவரின் தலைமையில் கூடும் அந்தச் சபை வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். வாட்டர்டன் யாரிடமும் கேட்காமல் நடந்த பாதையில் இன்று பதினெட்டு வயது மாணவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு நடக்கிறார் என்றால், இந்த 200 ஆண்டில் ஒன்றாவது உருப்படியாக மாறியிருக்கிறது.

அறிவு ஊரில் இருக்கிறது என்று நான் சொல்வது மரியாதைக்காகச் சொல்லும் பேச்சில்லை. அளந்து பார்த்த விஷயம். ஃபின் டேனியல்சனும் உடன் ஆய்வாளர்களும் நான்கு வெப்பமண்டல நாடுகளில் 34 காட்டுப் பகுதிகளில் இரண்டரை ஆண்டு, ஊர்மக்கள் எடுத்த கணக்கையும் பயிற்சிபெற்ற அறிவியலாளர் எடுத்த கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். இரண்டும் பெரிதும் ஒத்தன. ருப்புனுனியில் கிடைத்த முடிவு இதற்கும் ஒருபடி மேல். ஜோசே ஃப்ரகோசோவும் கிர்ஸ்டன் சில்வியஸும் மக்குஷி, வபிஷானா ஊர்க்காரர்களையே களப்பணியாளர்களாகப் பயிற்றுவித்து மிகப் பெரிய பரப்பில் விலங்குகளைக் கணக்கெடுத்தார்கள். உலகெங்கும் வழக்கத்தில் உள்ள முறை, நேர்கோட்டுப் பாதையில் மெதுவாக நடந்து கண்ணில் பட்ட விலங்கைக் குறிப்பது. அதே பாதையில் தடம், எச்சம், வளை, பிறாண்டல் போன்ற தடயங்களையும் குறிக்கச் சொன்னார்கள். கண்ணில் பட்டதை மட்டும் நம்பினால் பல பாலூட்டிகள் குறைவாகவே இருப்பதாகத் தோன்றியது. தடயக் கணக்கோ, அவை அங்கே நடமாடிக்கொண்டுதான் இருக்கின்றன என்று காட்டியது. 2016-இல் இது கட்டுரையாக வந்தது.

இதன் விளைவு என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். மனிதரைக் கண்டால் விலகத் தெரிந்த விலங்கு, வேட்டை நடக்கும் காட்டில் கண்ணில் படாது. கண்ணில் படாததை 'இல்லை' என்று எழுதினால், அடுத்த வரியில் 'பழங்குடி வேட்டையால் அழிந்தது' என்று எழுத வேண்டியிருக்கும். அதற்கும் அடுத்த வரியில் அந்த மக்களை வேட்டையிலிருந்து விலக்கச் சொல்லும் பரிந்துரை வரும். தடம் படிக்கத் தெரியாத கண்ணால் ஒரு ஊரின் சாப்பாடு பறிபோகலாம். ஈரமண்ணில் பதிந்த குளம்பைப் பார்த்து, விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கிறதா, மழைத்துளி விழுந்த புள்ளிகள் தடத்துக்கு மேலா கீழா என்று பார்த்து, 'நேற்று மழைக்குப் பிறகு போயிருக்கிறது' என்று சொல்லும் வேட்டைக்காரரின் கண்ணை எந்தப் பயிற்சிப் பட்டறையும் இரண்டு வாரத்தில் தந்துவிடாது. தானியங்கிக் கேமராக்கள் இந்த இடைவெளியில் ஓரளவு உதவுகின்றன. ஆனால் எந்த மரத்தில் கேமராவைக் கட்டுவது என்று கேட்டால் மறுபடியும் அவரிடம்தான் போக வேண்டும்.

அப்படியானால் தன்னார்வலர் எதற்கு? இந்தக் கேள்வியின் கூர்மையான வடிவத்தை 1968-இல் மெக்சிகோவின் குவேர்னவாக்கா நகரில் இவான் இல்லிச் எழுப்பினார். லத்தீன் அமெரிக்க ஊர்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் நிறைந்த அரங்கில், மொழி தெரியாமல், கேட்காத உதவியைச் சுமந்துகொண்டு வர வேண்டாம் என்று அவர்கள் முகத்துக்கு நேரே பேசினார். அந்த உரையைப் படித்தவர்களுக்குத் தன்னார்வப் பயணம் என்ற சொல்லே கொஞ்ச நாளைக்குக் கசக்கும். எனக்கும் கசந்தது. ஆனால் இல்லிச் எதிர்த்தது உதவி செய்யப்போகும் மனப்பான்மையை. கற்க வருபவரை அவர் விரட்டவில்லை. சுராமாவில் நடந்ததை அந்த அளவுகோலால் அளந்தால் ஒன்று தெளிவாகிறது. பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் பூசவோ, உள்ளூர்க் கொத்தனார் செய்யக்கூடிய வேலையைத் தெரியாத கையால் செய்யவோ அங்கே மாணவர்கள் அழைக்கப்படவில்லை. வலை பிடிக்கவும் எண்ணி எழுதவும் அழைக்கப்பட்டார்கள். வழிகாட்டி, சமையல், படகு ஆகிய வேலைகளெல்லாம் ஊர்க்காரர்களுக்குக் கூலி வேலை.

மாணவர்கள் கொண்டுவரும் காசுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஆராய்ச்சி நிதி பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும். காடு மாறுவதோ பத்தாண்டுக் கணக்கில். அளவாக மரம் வெட்டிய பகுதியில் பத்து ஆண்டுக்குப் பிறகு வௌவால் திரும்பியதா, வண்டு திரும்பியதா என்று அறிய ஆண்டுதோறும் யாராவது அதே இடத்துக்குப் போக வேண்டும். புதிதாக எதையும் கண்டுபிடிக்காத, அதே எண்களை மறுபடி எழுதும் வேலைக்கு நிதி தர எந்த அமைப்புக்கும் ஆர்வம் இருப்பதில்லை. மாணவர் கட்டணம் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆனாலும் இது விமானத்தில் வரும் காசு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கயானா தன் விமான நிலையங்களை மூடியது. சுராமாவின் விருந்தினர் விடுதியும் இதுபோன்ற பயணங்களும் ஒரே அடியில் நின்றன. மரவள்ளிக் கொல்லை மட்டும் நிற்கவில்லை.

மரவள்ளி நமக்கும் தெரிந்த கிழங்குதான், தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மக்குஷிகள் பெரும்பாலும் பயிரிடுவது கசப்பு வகை. சயனைடு நஞ்சு நிறைந்த கிழங்கு. துருவிய கிழங்கை மட்டப்பி என்ற நீண்ட பின்னல் குழாயில் திணித்து, ஒரு முனையை உத்தரத்தில் மாட்டி, மறுமுனையில் கழியைச் செருகி அதன்மேல் உட்காருவார்கள். குழாய் நீள நீள இறுகும். நச்சுச்சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். சக்கையை வறுத்தால் ஃபரீன் என்ற குறுணை, மாதக்கணக்கில் கெடாது. சாற்றையும் கொட்டிவிடுவதில்லை. நெடுநேரம் காய்ச்சினால் நஞ்சு போய்க் கறுத்த குழம்பாகும்; இறைச்சியைக் கெடாமல் காக்க அதில் போடுவார்கள். சுராமாவுக்கு வரும் மாணவர் தட்டில் விழும் ஃபரீனுக்குப் பின்னால் இவ்வளவு வேதியியல் இருக்கிறது.

மக்குஷிப் பெண்கள் ஒரே ஊரில் பல பத்து வகை மரவள்ளிகளைப் பெயர் சொல்லிப் பிரிப்பார்கள் என்று அவர்களோடு தங்கி ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தண்டை வெட்டி நடும் பயிரில் இத்தனை வகை எப்படி வரும் என்பது புதிராக இருந்தது. விடை கொல்லையிலேயே இருந்தது. காட்டை வெட்டித் தீயிட்ட புதுக் கொல்லையில், முன்பு எப்போதோ உதிர்ந்து மண்ணில் கிடந்த விதையிலிருந்து மரவள்ளிக் கன்றுகள் தாமாகவே முளைக்கும். யாரும் நடாத அந்தக் கன்றைக் களையெடுக்கும்போது பிடுங்கிவிடாமல் பல பெண்கள் விட்டுவைக்கிறார்கள். வளரவிட்டு, கிழங்கைப் பார்த்து, தேறினால் அதன் தண்டையும் அடுத்த நடவில் சேர்த்துக்கொள்கிறார்கள். புதிய மரபணு பயிருக்குள் நுழைவது இந்த வழியில்தான். தாமாக வந்து சேர்பவர்களை என்ன செய்வது என்பதில் அந்தப் பெண்களுக்கு நெடுங்கால அனுபவம் உண்டு என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

இந்த அறிவை எழுதிவைக்க வெளியாள் வரும்வரை அவர்களும் காத்திருக்கவில்லை. வட ருப்புனுனி ஊர்ப் பெண்கள் மக்குஷி ஆய்வுக் குழு என்ற பெயரில் சேர்ந்து, தங்கள் ஊர்களிலேயே கேட்டு எழுதி, 1996-இல் 'மக்குஷிபே கொமன்தோ இசெரு' என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். பயிர், வேட்டை, மீன், நோய், மருந்து என்று மக்குஷி வாழ்வின் வழிமுறைகளைத் தொகுத்த நூல். பின்னால் 2010-களில் அதே பகுதியின் 16 ஊர்கள் தங்கள் இளைஞர்களைக் கைபேசியோடு காட்டுக்கும் வீடுகளுக்கும் அனுப்பி, காட்டின் நிலை, கொல்லை, நீர், வருமானம் பற்றிய விவரங்களைத் தாங்களே திரட்டின. வெளியாட்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துபோன நோட்டுப் புத்தகம் இங்கே கை மாறியது. தகவல் ஊரில் இருந்தால், அரசோடு பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது ஊரின் கையில் எண் இருக்கும்.

அந்த எண்ணுக்கு இன்று விலையும் வந்துவிட்டது. 2022-இல் கயானா தன் காடு முழுவதற்கும் 3.3 கோடிக்கு மேற்பட்ட கார்பன் வரவுகளைப் பெற்று, அதில் ஒரு பகுதியையும் பின்வரும் ஆண்டுகளின் வரவுகளில் ஒரு பகுதியையும் சேர்த்துக் குறைந்தது 75 கோடி டாலருக்கு ஹெஸ் என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. வருமானத்தில் 15 விழுக்காடு பழங்குடி ஊர்களுக்கு. ஊர்களுக்கு இப்படிப் பணம் வருவதை வரவேற்றவர்கள் உண்டு. தங்கள் நிலத்துக் காட்டையும் சேர்த்து விற்கத் தங்களிடம் முறையாக ஒப்புதல் வாங்கவில்லை என்று அமெரிண்டியன் மக்கள் சங்கம் முறையிட்டது. சான்றளித்த அமைப்பு அந்த முறையீட்டை ஏற்கவில்லை. என் பார்வையில் சங்கத்தின் கேள்வி நியாயமானது. மரத்தைச் சுற்றி நாடா போடுவது இனி வெறும் தாவரவியல் வேலை இல்லை. விட்டத்திலிருந்து எடை, எடையிலிருந்து கார்பன், கார்பனிலிருந்து டாலர் என்று கணக்கு ஓடுகிற காலத்தில், நாடா பிடிக்கப் போகும் மாணவர் அது யாருடைய மரம் என்றும் கேட்கத்தான் வேண்டும். பயணத்தை நடத்தும் நிறுவனங்களிடம் கட்டணத்தில் எவ்வளவு ஊரில் தங்குகிறது, அறிக்கையின் படி ஊர்ச்சபைக்குப் போனதா, கட்டுரையில் வழிகாட்டிகளின் பெயர் ஆசிரியர் வரிசையில் உண்டா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல நிறுவனம் என்றால் இதற்கெல்லாம் கையில் பதில் வைத்திருக்கும்.

இன்னும் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்கள் சுராமாவுக்கு வந்தது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அவர்களின் கோடை விடுமுறையில். ருப்புனுனியில் அது மழைக்காலம். ஆறு கரை மீறும், புல்வெளி கடலாகும், ஏரிகள் ஒன்றோடொன்று கலந்து, எஸ்ஸெக்கிபோவின் தண்ணீரும் அமேசான் பக்கத்துத் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும். அரபைமா அப்போது ஏரியில் இருக்காது. மூழ்கிய காட்டுக்குள் மரத்துக்கு மரம் நீந்திக்கொண்டிருக்கும். யாராலும் எண்ண முடியாது. வெள்ளம் வடிந்து, ஏரிகள் பிரிந்து, தண்ணீர் தெளிந்து நிற்கும் வறட்சிக் காலத்தில்தான் மீனவர்கள் படகை இறக்கி, 20 நிமிடம் அசையாமல் உட்கார்ந்து எண்ணத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் மாணவர்கள் எல்லாரும் வீடு திரும்பி மாதக்கணக்காகியிருக்கும்.